வில்லனுக்கு மட்டும் முகம் இருந்தது

மின்னல் நாயகன் ருத்ரேஷ் தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனபோது, அவர் வீட்டுச் சமையற்காரர் வைரவன் குழம்பைக் கிளறிக்கொண்டே போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ருத்ரேஷின் புதுப் படம். ருத்ரேஷ் பெருமையோடு எட்டிப் பார்த்தார். அவருடைய நடை, அவருடைய சட்டை, எதிரியின் தலைக்கு மேலே காலைக் கொண்டுபோய் உதைக்கும் அவருடைய உதை எல்லாம் சரியாக இருந்தன. முகம் மட்டும் வைரவனுடையதாக இருந்தது. வழுக்கையும் வெற்றிலைப் பல்லுமாக வைரவன் திரையில் பறந்து பறந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா பண்ணிருக்கேன்ல சார்?" என்றார் வைரவன்.

ருத்ரேஷ் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார்.

இந்த வசதியைக் கொண்டுவந்த கம்பெனியின் பெயர் தர்ப்பண். வடக்கே அந்தச் சொல்லுக்குக் கண்ணாடி என்று பொருள். நம் ஊரில் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதுதான் ஞாபகத்துக்கு வரும். ருத்ரேஷைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தின. ஒரு முறை போனுக்கு முகத்தைக் காட்டி, நாலு வரி பேசினால் போதும். அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கும் எந்தப் படத்திலும் நாயகனின் முகமும் குரலும் உங்களுடையவை. தியேட்டரில் இதற்கென்று ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். உங்கள் கண்ணுக்கு நீங்கள் நாயகன், பக்கத்து சீட்டுக்காரர் கண்ணுக்கு அவர். பெண்கள் பார்த்தால் நாயகனின் இடத்துக்கு அவர்களே நாயகியாக வந்துவிடுவார்கள். நாட்டில் எல்லோரும் நாயகர்கள் ஆகிவிட்டதால் நாயகர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நின்றது. தேர்தலுக்கு முன்னால் புதுத் தலைவர்கள் வந்து சேர்வதும் நின்றுபோனதால் சில கட்சிகள் தவித்தன.

ஆனால் வில்லனுக்கு முகம் தர ஒருவரும் முன்வரவில்லை. முகத்தைக் கொடுக்கச் சொல்லி மாமியாரைக் கெஞ்சிப் பார்த்த மருமகள்கள் உண்டு. மாமியார்கள் விவரமானவர்கள். ஆகவே பெரிய வேஷங்களில் வில்லன்களுக்கு மட்டும் அவரவர் முகமே தங்கியது. அவர்களில் முதலிடம் எதிராஜுக்கு.

எதிராஜ் கடலூர்க்காரர். மின்வாரிய வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவர். புருவம் இரண்டும் நடுவில் கைகோத்துக்கொண்டிருக்கும். அம்மை வடு போட்ட கன்னம். அந்த முகத்தோடு நேரம் கேட்டால்கூட மிரட்டுவது மாதிரி இருக்கும். நிஜத்தில் பல்லிக்குப் பயப்படுகிற மனிதர். மனைவி குமுதவல்லி டப்பிங் கலைஞர். வளசரவாக்கத்தில் அவர்கள் வீட்டில் காலைக் காப்பியை எதிராஜ்தான் போடுவார், வேறு யார் போட்டாலும் குறை சொல்வார் என்பதால்.

தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்த ஒரே நடிகன் முகம் தன்னுடையது என்று தெரிந்தபோது எதிராஜுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பாகத்தான் இருந்தது. எத்தனையோ வருஷமாக ருத்ரேஷிடம் அடிவாங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் மங்கலாகச் செத்தவர். ஏர்போர்ட்டில் தனியாக அழைத்துப் போனார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார். பிறகுதான், மற்ற பயணிகளிடமிருந்து தன்னைப் பத்திரமாகப் பிரித்து வைத்தார்கள் என்பது புரிந்தது.

காய்கறிக் கடையில் ஒரு வயதான அம்மாள் சுரைக்காயால் அவர் மண்டையில் அடித்தார்.

"என் தங்கச்சிய என்னடா பண்ணே?"

"அம்மா, அது படம்மா."

"எனக்குத் தங்கச்சியே கிடையாது, தெரியும்டா எனக்கு! அதுக்காக நீ பண்ணது இல்லன்னு ஆயிடுமா?" என்று இன்னொரு அடி விழுந்தது.

அடுத்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் ஞானசிகாமணி என்பவர், எதிராஜ் தன் வீட்டைக் கொளுத்திவிட்டதாகப் புகார் கொடுத்திருந்தார். பெண் இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"வீடு இப்ப எப்படிங்க இருக்கு?" என்று ஞானசிகாமணியைக் கேட்டார்.

"நல்லாத்தான் மேடம் இருக்கு. போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"அதுக்காக விட்டுட முடியுங்களா? கொளுத்தினாரே! நான் பார்த்துக்கிட்டே நின்னேனே!" ஞானசிகாமணிக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லாத அழுகை. தொழில் தெரிந்த எதிராஜுக்கு வித்தியாசம் தெரியும்.

இன்ஸ்பெக்டர் புகாரை வாங்காமல் அனுப்பிவிட்டு, எதிராஜ் பக்கம் திரும்பினார். "எனக்கும் உங்க மேல ஒரு இது இருக்கு சார். ஆனா நான் டியூட்டில இருக்கேன். கிளம்புங்க."

எதிராஜ் நேராக தர்ப்பண் அலுவலகத்துக்குப் போனார். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடியாலேயே கட்டிய கட்டடம். அஃப்ரீன் என்கிற இளம் பொறியாளர் அவரைச் சந்தித்தார். அவரும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"சார், நாம படம் பார்க்கறப்ப, இது வேற ஒருத்தர் கதைன்னு மூளை ஒரு சீட்டு ஒட்டி ஓரமா வெச்சிடும். தன் முகத்தையும் தன் குரலையும் பார்த்தா அந்தச் சீட்டு ஒட்டறதில்ல. தனக்கு நடந்ததுன்னு உள்ள அனுப்பிடுது. கொஞ்ச நாள்ல கதை மறந்துடும். வாங்கின அடி மட்டும் தங்கிடும்."

"கடைசியில என்னைப் போட்டு அந்த மிதி மிதிச்சாங்களே, அது?"

"அது தங்காது சார். நாம ஜெயிச்சதையெல்லாம் மூளை ரொம்ப நாள் வெச்சிக்கிறதில்ல."

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"விதிமுறையில போட்டிருக்கோம் சார். எல்லாரும் படிச்சிட்டு 'சரி'ன்னு அமுக்கியிருக்காங்க." சொல்லும்போதே அஃப்ரீன் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. "படம்தான்னு தெரிஞ்சுட்டா சரியாயிடும்னு நாங்களும் நினைச்சோம். ஆகல."

எதிராஜ் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். தொப்பியும் முகக்கவசமும் வாங்கி வைத்துக்கொண்டார். காய்கறி வீட்டுக்கே வந்தது. ஆனால் ஒரு நாள் காலை அடுக்களையில், குமுதவல்லியின் தலைக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து காப்பிப்பொடி டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினார். குமுதவல்லி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன குமுதா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க டப்பாவை எடுங்க."

எதிராஜ் எதிரே தரையில் உட்கார்ந்தார். தொடலாமா என்று தெரியவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் படம் பார்த்தியா?"

"எல்லாப் படமும்தான் பார்க்கறேன். புருஷன் நடிச்ச படத்தைப் பார்க்காம இருப்பாங்களா?"

"யாரு முகத்தை வெச்சு?"

"என் முகம்தான். வேற யாரு முகத்துக்கு நான் எங்க போக?" குமுதவல்லி மூக்கை உறிஞ்சினார். "கட்டின நாள்லேர்ந்து நீங்க குரலைக்கூட உசத்தினதில்ல. எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கிணத்தடியில என் முடியைப் பிடிச்சு இழுத்தீங்களே..."

"நம்ம வீட்ல கிணறே இல்லையேம்மா."

"அதான் எனக்கும் புரியல."

அன்றிலிருந்து குமுதவல்லி பக்கத்து அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தார். காலையில் தாழ்ப்பாளைத் திறந்து வந்ததும் "மன்னிச்சுக்கங்க, பழக்கமாயிடுச்சு" என்பார். அந்தச் சத்தம்தான் எதிராஜால் தாங்க முடியாததாக இருந்தது. ஊரே சுரைக்காயோடு வந்தாலும் வரட்டும். இந்தத் தாழ்ப்பாள் மட்டும் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. நடிப்பை விட்டுவிடலாம் என்றால், ஏற்கெனவே நடித்தவை எல்லோருடைய தலைக்குள்ளும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை யார் போய் எடுப்பது?

அடுத்த படத்தின் கடைசிக் காட்சி, பூந்தமல்லி தாண்டி ஒரு கல்குவாரியில். எதிராஜுக்கு எதிரே, தலையிலிருந்து கழுத்து வரை பச்சைத் துணி மாட்டிக்கொண்டு நாயகனுக்காக ஓர் உடம்பு நின்றது. அந்தத் துணி மேல்தான் பிறகு ஊரார் முகங்கள் வந்து உட்காரும். துணிக்குள் இருந்தவர் ருத்ரேஷ். முகம் போன பிறகு வீட்டில் உட்கார முடியாமல், வேறு பெயரில் உடம்பு வேலைக்கு வந்திருந்தார். எதிராஜுக்கு மட்டும் சொல்லியிருந்தார். பழக்கதோஷத்தில் கேரவன் கேட்டாராம், யார் நீ என்றார்களாம்.

"அண்ணே, உள்ளுக்குள்ள நான் அழறது யாருக்கும் தெரிய மாட்டேங்குதுண்ணே," என்றார் துணிக்குள்ளிருந்து.

"நீ அழுதா எப்பவுமே யாருக்கும் தெரியாதுடா."

காட்சி எளிது. எதிராஜ் பாறை விளிம்பில் நின்று சிரிக்க வேண்டும், நாயகன் உதைக்க வேண்டும், எதிராஜ் விழ வேண்டும். டைரக்டர் ஆரம்பிக்கச் சொன்னார். எதிராஜ் சிரிக்கவில்லை. பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் சில மாதங்களில் அங்கே குமுதவல்லியின் முகம் வரும். ஞானசிகாமணியும், சுரைக்காய் அம்மாளும், அந்த இன்ஸ்பெக்டரும் அதே இடத்தில் வருவார்கள். ஒருவர் விடாமல் எல்லோரிடமும் நேருக்கு நேர் பேசுவதற்கு இதைவிட வேறு இடம் கிடைக்காது. அவர் முட்டி போட்டு, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை அடிச்சது தப்பு," என்றார். "அதெல்லாம் நடக்கவே இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்கப் பார்த்தேன். நடக்கலன்னாலும் உனக்கு வலிச்சுதுல்ல? அந்த வலி பொய்யில்ல. என்னை மன்னிச்சிடு. இனிமே நான் கையத் தூக்கினா அது காப்பிப்பொடி எடுக்கத்தான். சத்தியமா சொல்றேன்."

உதைக்க வேண்டிய கால் உதைக்கவில்லை. ருத்ரேஷ் குனிந்து அவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். பச்சைத் துணி நனைந்து கறுத்திருந்தது.

"கட்! என்ன சார் இது? காப்பிப்பொடி எங்கேர்ந்து வந்தது?" டைரக்டர் மைக்கை வீசி எறிந்தார். "டேய் பச்சை, நீ ஏன்டா கட்டிப்பிடிக்கறே?"

கம்பெனி சார்பாக வந்து மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அஃப்ரீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சார், இதையே வெச்சுக்கலாம். எனக்கு என்னவோ பண்ணுது."

படம் வெளிவந்தது. காப்பிப்பொடி ஏன் வந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் ஊரே அழுதது. வாழ்க்கையில் யார் யாரோ அடித்திருக்கிறார்கள், ஏமாற்றியிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டதில்லை. அடித்தவன் முட்டி போட்டு, தங்கள் காலைப் பிடித்து, தப்புதான் என்று சொன்னது பல பேருக்கு அதுதான் முதல் தடவை. சுரைக்காய் அம்மாள் சுரைக்காய்க் கூட்டோடு வந்தார். ஞானசிகாமணி முந்திரிப் பையோடு வந்து எதிராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டைக் கொளுத்தினதை மன்னிச்சிட்டேன் சார். மனசுல ஒண்ணும் இல்ல."

"ரொம்ப சந்தோஷம்."

"ஆனா நீங்களா ஒரு வீடு கட்டிக் குடுத்திருக்கலாம்."

குமுதவல்லி தனியாகத்தான் படம் பார்த்தார். அறையிலிருந்து வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. எதிராஜ் கூடத்தில் எழுந்து நின்றார்.

"மன்னிச்சிட்டேன்," என்றார் குமுதவல்லி.

"நான் ஒண்ணுமே பண்ணலியே குமுதா."

"அது எனக்குத் தெரியும். அது வேற. போய்க் காப்பி போடுங்க."

அவர் காப்பிப்பொடி எடுக்கக் கையைத் தூக்கினார். குமுதவல்லி பக்கத்திலேயே நின்று, வேண்டுமென்றே தலையைக்கூட நகர்த்தாமல், பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரண்டாம் டம்ளரும் குடித்தார்கள்.

எதிராஜின் தொழில் அதோடு முடிந்தது. அடுத்த படத்தில் அவர் ஒரு குழந்தையைக் கடத்தினார். தியேட்டரில், "பாவம், என்ன கஷ்டமோ மனுஷனுக்கு" என்று உச்சுக் கொட்டினார்கள். இப்படிப்பட்ட வில்லனை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி என்ன செய்யும்? மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். எதிராஜ் தொப்பியையும் முகக்கவசத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே கடைக்குப் போய்க் கத்தரிக்காய் பொறுக்கினார்.

ஒரு நாள் ருத்ரேஷ் வந்தார். "அண்ணே, உங்க இடம் காலியா இருக்காம். வில்லனா பண்றியான்னு கேக்கறாங்க."

"வேண்டாம்டா. நான் பட்டதைப் பார்த்தேல்ல? ஊர்ல ஒருத்தன் விடாம உன்னை அடிப்பான்."

ருத்ரேஷின் கண் விரிந்தது. "என்னையா? என் முகத்தைப் பார்த்தா?"

"முகத்தைப் பார்த்துத்தான்டா அடிப்பான்."

"நான்தான்னு தெரிஞ்சு?"

"ஆமாடா!"

ருத்ரேஷ் காப்பியைக்கூடக் குடிக்காமல் கையெழுத்துப் போடக் கிளம்பிவிட்டார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அண்ணா நகரில் யாரோ அவர் கார் கண்ணாடியில் கல்லை விட்டெறிந்து, "ருத்ரேஷ் ஒழிக!" என்று கத்தினார்கள். பெயர் சொல்லிக் கத்தினார்கள் என்பதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தக் கல்லைப் பூஜையறையில் வைத்திருப்பதாகவும் கேள்வி. சமையற்காரர் வைரவன் வேலையை விட்டுப் போனார், எஜமானைப் பார்த்தாலே கை துறுதுறுக்கிறது, கரண்டி வேறு கையிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு. ருத்ரேஷ் அவரை வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குமுதவல்லி போனை நீட்டினார். "நீங்கதான் ஹீரோவாவே பண்ணதில்லையே. முகத்தைக் காட்டுங்க. ருத்ரேஷ் தம்பி படத்தைப் பார்ப்போம்."

"வேண்டாம்மா. அது என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்களுக்கு என்ன ஆகப் போகுது? ஒரு தடவை உங்களை ஹீரோவா பார்க்கணும் எனக்கு."

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. அந்த ஆசை அவருக்கும் இருந்தது. போனுக்கு முகத்தைக் காட்டி நாலு வரி பேசினார். இந்தத் தொழிலிலேயே ஊறினவன் நான், எது நடிப்பு எது நிஜம் என்று எனக்கா தெரியாது என்ற தைரியம் வேறு.

படத்தில் எதிராஜ் பறந்தார். பனிமலையில் ஆடினார். "ஐயய்யோ, இடுப்பைப் பாருங்க!" என்று குமுதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாயகனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிற காட்சியில், ருத்ரேஷ் உள்ளே நழுவி வந்து ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கினார். "பரவாயில்ல, இப்பதான் நடிக்கக் கத்துக்கறான்," என்றார் எதிராஜ் முறுக்கைக் கடித்துக்கொண்டே. அன்று மாலை கோயிலுக்குப் போனார்கள். படத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

மழைக்காலத்தில் ருத்ரேஷ் மறுபடி வந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடும் நெற்றியில் பிளாஸ்திரியோடும். குமுதவல்லி வரவேற்று உட்கார வைத்தார். எதிராஜ் காப்பி போட உள்ளே போனார். வெளியே மழை வலுத்தது. இப்படி ஒரு மழையில்தான் அவருடைய அப்பா போனார். மஞ்சள் காமாலை. கடலூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கஞ்சிப் பாத்திரத்தோடு எதிராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் சேர்ந்திருந்த புதுசு. டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்த காட்சி. டாக்டருக்குப் பின்னால் கதவோரமாக ஒருவன் குழாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

ருத்ரேஷ்.

அப்போது ருத்ரேஷ் பிறந்தேகூட இருக்க மாட்டார். அது எதிராஜுக்குத் தெரிந்தது. அஃப்ரீன் சொன்னது தெரிந்தது, சுரைக்காய் தெரிந்தது, பண்ருட்டியில் பெயின்ட் அடித்த வீடு தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் அவர் கால்கள் கூடத்துக்குப் போய்விட்டன. பின்னால் பால் பொங்கி வழிந்தது.

"டேய்," என்றார். அவர் குரல் இப்படி உயர்ந்து குமுதவல்லி கேட்டதில்லை. "எங்கப்பா சாகறப்ப நீ அங்க என்னடா பண்ணிட்டிருந்தே?"

ருத்ரேஷ் நிமிர்ந்து பார்த்தார். முதலில் புரியாமல் விழித்தார். பிறகு அந்த முகம் மெல்ல மலர்ந்தது. தட்டுத் தடுமாறி எழுந்தார்.

"அண்ணே... நீங்களும் படம் பார்த்தீங்களா? என் முகம் ஞாபகம் இருக்காண்ணே உங்களுக்கு?"

எதிராஜின் கை உயர்ந்தது. குமுதவல்லி குறுக்கே வந்து நின்றார். தலையை மூடிக்கொள்ளவில்லை. ருத்ரேஷின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். "போயிட்டு வாங்க தம்பி. கொஞ்ச நாளைக்கு இவர் கண்ல படாதீங்க." மழையில் நனைந்துகொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ருத்ரேஷ் சந்தோஷமாகப் போனார்.

குமுதவல்லி திரும்பி வந்தபோது எதிராஜ் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"அவனை எடுத்துட்டேன் குமுதா," என்றார் களைப்போடு. "கதவுப் பக்கம் பார்க்காம இருந்தா அவன் இல்ல. கட்டிலை மட்டும் பார்க்கறேன்."

"சரி. அப்பாவையே பாருங்க."

எதிராஜ் பார்த்தார். போர்வை, சொட்டு மருந்து, தலைமாட்டில் திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் இருந்தன. கட்டிலில் படுத்திருந்தவரையும் நன்றாகத் தெரிந்தது. ஒரு படப்பிடிப்பில் இவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நல்ல மனிதர், அப்பா வேஷங்களுக்கென்றே பெயர் வாங்கியவர். ருத்ரேஷ் படத்திலும் அவர்தான் அப்பா.

"தெரியறாரா?" என்றார் குமுதவல்லி.

எதிராஜ் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் நடிச்சிருக்காரு," என்றார்.